மேனேஜரை நிற்பாட்டுவதா, வேண்டாமா

மேற்பிரிவு லயம்,
லிந்துலை.
திங்கட்கிழமை

அன்புள்ள சுதாகரன் அண்ணனுக்கு,

தங்கை சுதர்ஷினி எழுதிக்கொள்வது. கட்டார் வெயிலில் வதங்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனதுக்குத்தான் சரியில்லை.

போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். லயத்துச் சுவர் உங்களுக்குத் தெரியாததா? இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு" என்கிறார்கள். அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடுங்கள். கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் தவறிப் போட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

உங்கள் மருமகள் தனுஷிகாவுக்கு இருமல் விட்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குச் சேர்ந்திருக்கிறாள். மழையோ விடுவதாக இல்லை. வேலைக்குப் போன பெண்கள் நனைந்த மூட்டை போல வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் காய வைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை.

நேற்று புட்போல் ஆட்டத்தில் வட்டகொடை டீமிடமும் தோற்றுவிட்டோம். நீங்கள் குரூப்பில் பார்த்திருப்பீர்கள். பார்க்காதது என்னவென்றால், இன்று காலையில் பிள்ளைகளை என்னிடம் விட வந்த பெண்கள், "ஒங்க வீட்டுக்காரர நிற்பாட்டிட்டாங்களா?" என்று கேட்டார்கள். ஒருத்தி கேட்டால் பரவாயில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டார்கள். நம் செங்கதிர் கிளப்பின் ஆட்டத்தை ஒருநாளும் பார்க்காதவர்கள்கூட.

செயலாளர் சின்னத்தம்பி அடுத்த மாத ஆரம்பத்தில் கமிட்டியைக் கூட்டப்போகிறார். உங்கள் மச்சானை மேனேஜர் பதவியிலிருந்து எடுப்பதா, வைப்பதா என்பதுதான் பேச்சு. லீக்கில் நாம் கடைசி இடத்தில் நிற்கிறோம். இப்படியே முடிந்தால் அடுத்த வருடம் லீக்கின் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடுவோமாம். கமிட்டி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நீங்கள் தொலைவில் இருந்தாலும் தலைவர் நீங்கள்தான். கடைசியில் உங்களிடம்தான் கேட்பார்கள்.

சண்டை எதற்கு என்று உங்களுக்கு ஒழுங்காக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாரும் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். சனி இரவு ரயில் ஏறி ஞாயிறு காலையில் வந்து ஆடிவிட்டுத் திரும்பிப் போவார்கள். இந்த வருடம் உங்கள் மச்சான் ஒரு சட்டம் போட்டார். "வாரத்துல ரெண்டு நாளாவது பயிற்சிக்கு வந்தவனுக்குத்தான் எடம். ரயில்ல வந்து எறங்கினவனுக்கு இல்ல" என்றார். தோட்டத்தில் தங்கி, வேலை முடிந்து சேற்றில் ஓடிப் பழகுகிற பையன்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, வந்து இறங்கியவனை ஆட வைப்பது நியாயமில்லை என்பது அவர் பேச்சு. நியாயம்தான். ஆனால் நியாயம் கோல் போட மாட்டேன் என்கிறது.

நான் உங்களைக் கேட்பது ஒன்றுதான். அவரை எடுக்கச் சொல்லாதீர்கள். காரணம் கிளப் இல்லை. போன மாதம் அவர் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறார். அட்டனில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்டைப் பார்த்துப் பேசியும் இருக்கிறார். தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வந்ததும் போனில் அந்த ஆளோடுதான் பேச்சு. நானும் பிள்ளையும் இருக்கிறோமே என்று சொல்லிப் பார்த்தேன். "ஒங்களுக்காகத்தானே போறேன்" என்கிறார். பந்தைப் பார்த்து மட்டும் 'ஒனக்காகத்தானே போறேன்' என்று அவர் சொல்ல முடியாது. அதையும் பிடுங்கிவிட்டால் இந்த மலையில் அவர் கால் நிற்காது, அண்ணா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
சுதர்ஷினி.

*

லிந்துலை.
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. "கவலப்படாத, மச்சான் பக்கம்தான் நிப்பேன்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். இப்போது அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதுகிறேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. முழுவதும் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நம் மைதானத்திலேயே ஆட்டம். நான் இத்தனை வருடத்தில் ஒருநாளும் போனதில்லை. வீட்டு வேலைக்கே அந்த ஒரு நாள் போதாது. ஆனால் ஊர் முழுக்கப் பேசுகிறதே, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று தனுஷிகாவையும் கூட்டிக்கொண்டு போய், மேலே ரோட்டோரத்தில் குடையோடு நின்றேன்.

லோஜன் வந்திருந்தான். உங்களுக்கு அவனைச் சின்னப் பிள்ளையாகத்தான் தெரியும். உங்கள் மச்சானுடைய அக்கா அழகம்மையின் மகன். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். நம் பக்கத்தில் அவனைப் போலக் கோல் போட ஆள் கிடையாது. அன்று ஆட்டத்துக்குப் பத்துப் பேர்தான் நல்லபடியாக நின்றார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல். சரி, இன்றைக்காவது மாமன் மருமகனை இறக்குவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோஜனும் ஜெர்சி போட்டுத் தயாராக இருந்தான்.

இறக்கவில்லை, அண்ணா. காய்ச்சல்காரப் பையனைத்தான் இறக்கினார்.

மழை கொட்டியது. லோஜன் ஆட்டம் முழுவதும் வெளியே கல்லில் உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்தான். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். காய்ச்சல்காரப் பையன் நடுவில் வாந்தி எடுத்தான். அப்போதும் உங்கள் மச்சான் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஓடு! ஓடுறா!" என்று கத்தினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பந்து போகும் பக்கம் அவர் கண் போகவில்லை. திரும்பித் திரும்பி லோஜனைத்தான் பார்த்தார். இந்த டீம் ஜெயிக்க வேண்டும் என்று நிற்கிற ஆள் மாதிரி எனக்குத் தெரியவில்லை. லோஜன் இல்லாமல் நடக்கும் என்று காட்டுவதற்காக நிற்கிற ஆள் மாதிரி இருந்தது.

லோஜன் கொழும்புக்குப் போன போது இவர்தான் தடுத்தார். ஸ்டோரில் பேசி வேலைகூட வாங்கி வைத்திருந்தார். அவன் கேட்காமல் போய்விட்டான். அந்தக் கோபத்துக்கு இவர் சட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார். தானும் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, போகிறவன் மேல் கோபப்படுகிறாரே, இதை என்னவென்று சொல்ல?

ஆட்டம் முடிந்து அழகம்மை மதினி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றதற்கு வரவில்லை. "எம்மவன் நைட் மெயில்ல நின்னுக்கிட்டே வந்தான். தாய்மாமன் டீம்ல ஆடத்தான் வந்தான். கல்லுல ஒக்கார வைக்கவாடா வரச்சொன்ன?" என்றார். இவர், "நான் வரச் சொல்லலையே" என்றார். அவ்வளவுதான். மதினி என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்ப்பது போல உள்ளே திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து மதினி எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார். தண்ணீர்ப் பீலியில் நான் குடத்தோடு போனால் அவர் தம் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

இவருக்குத் தூக்கம் இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பட்டாணியை வைத்து யாரை எங்கே நிறுத்துவது என்று பார்க்கிறார். தனுஷிகா பேச்சுப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். அதை அவரிடம் சொல்லப் போனபோது, "ரெண்டாவதா வர்றதும் தோக்கிறதுதான்" என்றுவிட்டார். பிள்ளை அந்தச் சான்றிதழை எங்கே ஒளித்து வைத்தாளோ, எனக்கே காட்டவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். முடிவு உங்களிடம் வந்தால், அவரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். போய்விடுவார் என்ற பயம் எனக்குப் போகவில்லை. இருந்துகொண்டே இப்படி ஆகிறாரே என்ற பயம் அதைவிடப் பெரிதாகிவிட்டது. நேற்று முழுக்க இதை எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். அனுப்பிவிட்டால் யோசிக்க மாட்டேன் என்று அனுப்புகிறேன்.

தங்கை,
சுதர்ஷினி.

*

லிந்துலை.
திங்கட்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

கூட்டம் நடந்த அன்று நீங்கள் பேசியதோடு போன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன்.

கூட்டத்துக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும் முறை எங்கள் வரிசைப் பெண்களுக்கு வந்தது. அதனால் நானும் கேத்தலோடு வாசற்பக்கம் நின்றேன். சின்னத்தம்பி மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "கோகுலு, ஒன்மேல தனிப்பட்ட கோவம் யாருக்கும் இல்ல. ஆனா டீமு செத்துக்கிட்டு இருக்கு" என்றார். உங்கள் மச்சான் எழுந்து, தோட்டத்தில் தங்கி உழைக்கிற பையன்களுக்காகத்தான் தான் நிற்பதாகச் சொன்னார். கை தட்டவும் தட்டினார்கள்.

அப்போது கோல் காக்கிற தனுஷன் எழுந்தான். நம் பாதையோரத்து வீட்டுப் பையன், வாயைத் திறக்கவே மாட்டான். இவர் சட்டத்தால்தான் அவனுக்கு இடமே கிடைத்தது. இவர் பக்கம்தான் பேசப்போகிறான் என்று நானும் நினைத்தேன். அவன் சொன்னான்: "அண்ணே, எங்களுக்காகன்னு சொல்லாதீங்க. கோபிச்சுக்காதீங்க. வாராவாரம் வலைக்குள்ள இருந்து பந்த எடுக்கிறது நான்தான். லோஜன் வந்தா எனக்குச் சந்தோசம்தாண்ணே. எங்க யாருட்டயாவது ஒருவாட்டி கேட்டீங்களா?"

இவர் நின்றபடியே நின்றார். உட்கார மறந்துவிட்டார் போல.

கை தூக்கினால் சரிபாதி. பிறகுதான் உங்களுக்குப் போன் போட்டார்கள். உங்கள் குரல் அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது. "மச்சான் மன்னிக்கணும். இந்த வருசத்துக்கு வேற ஆள வச்சிப் பாப்போம்" என்றீர்கள். எனக்குக் கேத்தல் சுட்டது. ஆனால் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். "எல்லாரும் சொல்லட்டும். சுதாகரனுமா?" என்றார். நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உங்கள் மேல் பழி நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணன் இல்ல. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன்" என்றேன்.

திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். அவர், "எப்ப சொன்ன?" என்றார். லோஜன் மழையில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு என்றேன். "நீ அன்னிக்கி கிரவுண்டுக்கு வந்தியா?" என்று கேட்டார். ரோட்டோரத்தில் அவ்வளவு நேரம் பிள்ளையோடு நின்றேன், அண்ணா. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. "வந்தேன், தனுஷிகாவும் வந்தா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளையைக் கூப்பிட்டு, பேச்சுப் போட்டியில் பேசியதைப் பேசிக்காட்டச் சொன்னார். அவள் முதலில் மாட்டேன் என்றாள். பிறகு பேசினாள். நடுவில் மறந்து போய் நின்றாள். அவர் காத்திருந்தார்.

நேற்று றொசல்லையில் ஆட்டம். சின்னத்தம்பிதான் இப்போதைக்குப் பார்த்துக்கொள்கிறார். கொழும்புப் பையன்கள் எல்லாரும் வந்தார்கள். டீம் லொறியில் போனதும் இவர் கூரையில் ஏறி, காற்றுக்குக் கழன்ற தகரத்தை அடிக்கத் தொடங்கினார். சாயங்காலம் சந்தியில் வெடிச் சத்தம் கேட்டது. ஜெயித்து வருகிறார்கள் என்று லயமே வெளியே வந்தது. சுத்தியல் சத்தம் நின்றது. நான் மேலே பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தார்.

வெடி போட்டு வந்த கூட்டத்திலிருந்து லோஜன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். சேற்றோடு வாசலில் நின்று, "மாமா, ரெண்டு கோல் போட்டேன்" என்றான். இவர் கூரையிலிருந்து இறங்கி வந்தார். "கேள்விப்பட்டேன்" என்றார். "ரெண்டாவது பாதியில எனக்கு ஓட முடியல மாமா. காலு இழுத்துக்கிச்சு" என்றான் அவன். இவர், "பயிற்சி இல்லாம எப்பிடிறா ஓடும்?" என்று ஆரம்பித்தார். நான் பயந்துவிட்டேன். ஆனால் சிரித்துவிட்டார். கொழும்பில் காலையில் எங்கே ஓடலாம், எவ்வளவு ஓடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். மதினி மட்டும் இன்னும் பேசவில்லை. மகன் எங்கள் வீட்டில் சாப்பிட்டதற்கும் பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

செங்கதிர் தப்புமா என்று தெரியவில்லை. இன்னும் ஆட்டங்கள் இருக்கின்றன. கடைகளில் பெருநாள் வியாபாரம் வந்தால் கொழும்புப் பையன்களுக்கு லீவு கிடைக்காது. அப்போது தனுஷனையும் இங்கே இருக்கிறவர்களையும் வைத்துத்தான் ஆட வேண்டும். அன்றைக்கு உங்கள் மச்சானைக் கூப்பிடுவார்களா, கூப்பிட்டால் இவர் போவாரா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதற்குள் வேறொன்று வந்துவிட்டது. லோஜன் போன பிறகு ஏஜென்ட் போன் எடுத்தார். வியாழக்கிழமை கொழும்பில் மெடிக்கல். இவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இந்த முறை என்னிடம் மறைக்கவில்லை. கோபத்திலும் சொல்லவில்லை. "போய்ப் பாத்துட்டு வாறேன். சுதாகரனுட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் முடிவெடுப்பேன்" என்றார். உங்கள் மேல் அவருக்கு வருத்தம் இல்லை என்பது அதிலேயே தெரிகிறது.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. அன்றைக்குத்தான் கூப்பிடுவார். போக வேண்டாம் என்று சொல்லச் சொல்லி உங்களைக் கேட்க மாட்டேன். இந்த வாயால் இரண்டு முறை மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டேன். மூன்றாவது முறை கேட்க எனக்கு முகம் இல்லை. வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று அவர் கேட்பார். அதற்கெல்லாம் உள்ளதைச் சொல்லுங்கள். அதோடு, அவர் கேட்காவிட்டாலும், லீவு நாளில் எல்லாரும் தூங்கி எழுந்த பிறகு, அந்த அறையில் பொழுது இருட்டும் வரைக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள், அண்ணா. எனக்கு நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவரிடமாவது சொல்லுங்கள்.

என்றும் உங்கள் தங்கை,
சுதர்ஷினி.