மோதிரக்காரன் கடைக்கு வாரித் தூற்றிய மண்

5ந் தேதி, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடுகிறது, பெய்ய மனசில்லை. மிக்ஸியைக் கட்டைப்பையில் வைத்து, கோவில்பதாகையில் ஷேர் ஆட்டோ ஏறி, ஆவடியில் இறங்கி, மிக்ஸி வாங்கின டிவி கடை. இன்றோடு எட்டாம் நாள். நடுவில் ஞாயிறு மட்டும் லீவு விட்டேன்.

மிக்ஸி வாங்கி மூன்று மாதம்தான். மோட்டார் கருகிவிட்டது. கேரண்டி அட்டை கையில் இருக்கிறது. கடையில் கேட்டால் சர்வீஸ் சென்டர் போ. சர்வீஸ் சென்டரில் கேட்டால் கடைக்குப் போ. நான் என்ன பந்தா? அதனால்தான் உட்கார்ந்துவிட்டேன். டிவி வைத்திருக்கும் பக்கம் ஒரு முக்காலி. மடியில் கட்டைப்பை. வேறு மிக்ஸி தரும்வரை எழுந்திருப்பதாக இல்லை.

கடை முதலாளிக்கு ஐந்து விரலில் நாலில் மோதிரம். பெயர் தெரியும், எழுத மாட்டேன். மோதிரக்காரன். இனி மோ.

மோ. எனக்குச் சொன்னவை:
முதல் நாள் – "மேனேஜர் லீவு ஆயா." மேனேஜரே இவன்தான்.
இரண்டாம் நாள் – "நாளிக்கி வா."
மூன்றாம் நாள் – பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். "வர்றவங்களுக்கெல்லாம் பாத்ரூம் கெடையாது." பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன், இந்த முட்டிவலியோடு.
ஐந்தாம் நாள் – என் தலைக்கு மேல் ஓடிய ஃபேனை நிறுத்தச் சொன்னான்.
எழுதித்தான் ஞாபகம் வைக்க வேண்டும் என்று இல்லை. என் கல்யாணப் பந்தியில் பாயசத்தை எனக்கு மட்டும் ஊற்றாமல் தாண்டிப் போன ஓரகத்தி கட்டியிருந்த புடவையின் கரை இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்று ஒரு அநியாயம். ஒருத்தன், பெண்டாட்டி, கைக்குழந்தை. டிவி பார்க்க வந்தார்கள். குழந்தைக்கு நாலு மாதம் இருக்கும். கத்து கத்து என்று கத்தியது. இரண்டு தொடையும் வீங்கிக் கிடந்தது. நேற்று புதன்கிழமை, தடுப்பூசி போடுகிற நாள். இவள் அந்தத் தொடையையே இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

"யம்மா, ஊசி போட்ட எடத்த புடிக்காத. தூக்கிப் புடி" என்றேன்.

"இன்னா ஊசி?" என்றாள்.

பெற்றவளுக்குத் தெரியாதா! உடனே மோ.விடம், "அண்ணா, புள்ளிக்கு துணி மாத்தணும், உள்ள போவலாமா" என்றாள். அவனும் பல்லைக் காட்டி, பின்னறைக் கதவைத் தானே திறந்துவிட்டான். உள்ளேதான் பாத்ரூம். எனக்குக் கிடையாது. அவளுக்கு உண்டு.

இன்னொன்று. இதே குழந்தையைப் போன சனிக்கிழமை வேறொருத்தி தூக்கிவந்தாள், பச்சைச் சுடிதார். இடது காலில் ஆறு விரல், நான் எண்ணினேன். ஆள் இவனேதான். இரண்டு பெண்டாட்டியோ என்னவோ. ஊர் கெட்டுக் கிடக்கிறது.

ராத்திரிக்கு ரசம். மருமகள் மிளகை இடித்துப் போட்டாள். மிக்ஸி இல்லாத வீடு.

7ந் தேதி, சனி

பத்தாம் நாள்.

மோ. முக்காலியை எடுக்கச் சொல்லிவிட்டான். நின்றேன். கட்டைப்பையைப் பிடுங்கி வெளியே வைத்தான். மிக்ஸி மூடி உருண்டு ரோட்டுக்குப் போனது. பத்துப் பேர் பார்த்தார்கள்.

"பிச்ச எடுக்க வேற எடம் கெடைக்கலியா ஆயா உனுக்கு?"

பிச்சையா?

கடை வாசலில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிய மண் குவியலாகக் கிடந்தது. இரண்டு கையாலும் வாரினேன். முந்தானையை உதறி, தலைமுடியை அவிழ்த்து, கண்ணாடிக் கதவின் மேல் மூன்று தரம் தூற்றினேன்.

"வயிறு எரிஞ்சி சொல்றேன்டா. இந்தக் கண்ணாடி நொறுங்கிப் போவ! உன் சாமான எவனோ வாரிகினு போவ! நீ வாசல்ல நின்னு வாயில வயித்துல அடிச்சிக்க!"

என் அம்மா ஒரே ஒரு தடவை இப்படித் தூற்றியதைப் பார்த்திருக்கிறேன். நான் இதுதான் முதல்.

மகன் தணிகை டூட்டி முடிந்து வந்ததும் குதித்தான். "இன்னாம்மா நீ, நடு ரோட்டுல கூத்து கட்ற? ஃபேக்டரி ஆளுங்க எத்தினி பேரு அந்த வழியா போறாங்க தெரியுமா?"

நான் பெற்ற பிள்ளை, வெட்கப்படுகிறான். இதையும் எழுதி வைக்கிறேன்.

9ந் தேதி, திங்கள்

லேசான தூறல். பால் வாங்கப் போனேன். பால்கடையில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

விடியற்காலையில் கடையை உடைத்துவிட்டார்களாம்! வேன் வந்ததாம். கடப்பாரையால் கண்ணாடிக் கதவில் ஒரே போடு. செல்போன், லேப்டாப், பெரிய டிவி, எல்லாம் வாரிக்கொண்டு நாலே நிமிடத்தில் போய்விட்டார்களாம். பேப்பர் போடுகிறவன் பார்த்துக் கத்துவதற்குள் வேன் ரயில்வே கேட் தாண்டிவிட்டதாம்.

நான் சொன்னபடியே. சொல் பிசகவில்லை.

பால்கடைக்காரர்: "ஆயா, உன் வாயில இன்னாதான் வச்சிகிற? எப்பவாச்சும் கடன் இல்லன்னு சொன்னா ஒண்ணும் நெனச்சிக்காத."

எதிர்வீட்டுக்காரி பின்னாலேயே வந்து, காதருகில், "எங்க நாத்தனாருக்கு ஒரு புடி போடேன்."

மாட்டேன் என்றேன். என் பகையே எனக்கு ஏகப்பட்டது.

சந்தோஷமா? ஆமாம். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். கண்ணாடி கல்கண்டு மாதிரி வாசலெங்கும். மோ. வாசலில் உட்கார்ந்திருந்தான். வாயில் வயிற்றில் அடித்துக்கொள்ளவில்லை, தலையில் கை வைத்திருந்தான். அதுவே போதும்.

மத்தியானம் பருப்பு உருண்டைக் குழம்பு. அம்மியில்தான் அரைத்தேன். முதுகு போனாலும் பரவாயில்லை.

10ந் தேதி, செவ்வாய்

போலீஸ் வீட்டுக்கு வந்தது. இரண்டு பேர்.

மோ. சொல்லியிருக்கிறான்: "பத்து நாளா உள்ள உக்காந்து நோட்டம் பாத்துச்சி கெழவி. சனிக்கிழம வந்து, எவனோ வாரிகினு போவான்னு சொல்லிட்டுப் போச்சி. திங்கக்கிழம வாரிகினு போயிட்டானுங்க. அதுக்கு முன்னாடியே தெரியும் சார்."

நாளைக்கு நான் ஸ்டேஷனுக்கு வரவேண்டுமாம்.

சாயங்காலம் தணிகை மோ.வைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முகம் செத்திருந்தது. "வியாழக்கிழமக்குள்ள அந்தாளு கால்ல உழுந்து மன்னிப்பு கேட்டா, உன் பேர எடுத்துடறேன்றாரு. இல்லன்னா எழுதிக் குடுத்துடுவாராம். கேஸு ஆச்சின்னா என் வேல இன்னாம்மா ஆவும்? ஒரு தடவ உழுந்துடும்மா. இன்னா போச்சி?"

என்ன போச்சா! நான் இதுவரை விழுந்தது இரண்டு பேர் காலில்தான். ஒன்று மாங்காட்டு அம்மன். இன்னொன்று மாமியார். மாமியார் காலில் விழுந்ததற்கே இன்னும் ஆறவில்லை.

சாப்பிடவில்லை. மருமகள் சுகன்யா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்த, நீங்க அங்க உக்காந்தப்போ யார் யார் வந்தாங்கன்னு அவங்களுக்குச் சொல்லுங்க. ஒங்க ஞாபகத்துக்கு அவங்க ஆடிப்போயிடுவாங்க" என்றாள். இவள் மேல் இருக்கும் பழைய கணக்கில் ஒன்றைக் கழிக்கிறேன்.

11ந் தேதி, புதன்

நல்ல வெயில். தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட புடவை கட்டி, ஸ்டேஷன். தணிகை கூட வந்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. மோ. முன்னமே வந்து நாற்காலியில்.

இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர். "என்ன பாட்டி, சாபம் குடுத்தா கடை உடையுமோ? யார் கிட்ட சொல்லி வச்ச?"

"நான் அம்மன் கிட்ட சொன்னேன் சார். நீங்க கேமராவப் பாருங்க, யாரு நோட்டம் பாத்தான்னு தெரியும்."

"கேமரா ரெக்கார்டு பெட்டி பின்னாடி ரூம்ல இருந்துச்சு. அதையும் தூக்கிட்டுப் போயிட்டானுவ. நேரா அங்கதான் போயிருக்கான்."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பின்னறை.

"பெட்டியத் தூக்கினு போனான், என்ன வுட்டுட்டு போயிட்டான் சார். உக்காந்து கேளுங்க."

சொன்னேன். பத்து நாளையும் சொன்னேன். யார் வந்தார்கள், யார் வாங்கினார்கள், யார் வாங்காமல் போனார்கள். பின்னறைக்குள் வெளியாள் போனது ஒரே ஒருத்தி. எனக்கு இல்லை என்று சொன்ன பாத்ரூமுக்கு அவளை விட்டதால் அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். அவள் உள்ளே இருந்தபோது, கூட வந்தவன் டிவியைப் பார்க்காமல் கூரை மூலையில் இருந்த கேமராவையே செல்போனில் படம் பிடித்தான். ஒரே குழந்தை, இரண்டு அம்மா. வியாழக்கிழமை வந்தவள் பெற்றவளே இல்லை.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பெத்தவ இல்லன்னு எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்வதற்குள், மூலையில் எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் ரெஜினா பேனாவை வைத்துவிட்டாள். "சார், ஊசி போட்ட தொடைய எந்த அம்மாவும் புடிக்க மாட்டா. எம் புள்ளைக்குப் போன மாசம்தான் போட்டேன். ரெண்டு நாள் தூங்க வுடல."

நான் விடவில்லை: "அவன் டெலிவரி எந்த ஏரியா வரைக்கும்னு கேட்டான். பூந்தமல்லி தாண்டி வருமான்னு. புள்ளிக்கு எடது கால்ல ஆறு வெரலு. போன புதன்கெழம ஊசி போட்ட நர்ஸம்மாவ கேளுங்க. ஆறு வெரல யாரும் மறக்க மாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்தினார். ரெஜினா போன் எடுத்தாள். அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒவ்வொன்றாக. முதல் இரண்டு இடத்தில் இல்லை. மூன்றாவதில் நர்ஸம்மா கேட்டது எனக்கே கேட்டது: "ஆறு வெரல் பாப்பாவா? ஏன், பாப்பாக்கு இன்னா ஆச்சி?"

மோ. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருப்பதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வெளியே வந்ததும் தணிகை மெதுவாக, "டீ சாப்புடறியாம்மா?"

"பன்னும் வாங்கு" என்றேன்.

12ந் தேதி, வியாழன்

ஒரு தகவலும் இல்லை. மோ. வைத்த கெடு இன்று. காலில் விழவில்லை. விழ மாட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்தேன், மூன்று கட்டு. கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து முட்டி வீங்கிவிட்டது.

13ந் தேதி, வெள்ளி

பிடித்துவிட்டார்கள்!!

ரெஜினா தானே வண்டியில் வந்து சொன்னாள், வாசலில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி. குழந்தையின் அம்மா வீட்டு வேலை செய்கிறவள். பக்கத்து போர்ஷன்காரன்தான் அவன். "கொஞ்ச நேரம் காத்தாட தூக்கினு போறேன் அக்கா" என்று வாங்கிக்கொண்டு போவானாம். குழந்தையோடு போனால் எந்தக் கடையிலும் சந்தேகப்பட மாட்டார்களாம். அவன், கூட இரண்டு ஆண்கள், அந்த இரண்டு பெண்கள். சாமான் பூந்தமல்லி தாண்டி ஒரு தகரக் கொட்டகையில், அட்டைப்பெட்டி கூடப் பிரிக்காமல்.

"அந்தத் தாய இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அவங்க மேல ஒண்ணும் இல்ல ஆயா. அழுதுகினே கீறாங்க. புள்ளிய கீழயே எறக்கல."

சரி. இருக்கட்டும்.

"இன்ஸ்பெக்டர் ஒங்கள இன்னா சொன்னாரு தெரியுமா? இந்தப் பாட்டிய ஸ்டேஷன்ல மாட்டி வச்சா கேமராவே வேணாம்ன்னாரு."

எதிர்வீட்டுக்காரி நாத்தனாரை மறந்து கைதட்டினாள். தணிகை ஃபேக்டரியிலிருந்து போன் செய்தான்: "யம்மா, டூட்டில எல்லாரும் உன்னியதான் கேக்கறாங்க." குரலில் அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

கேசரி. நெய் தாராளமாக.

14ந் தேதி, சனி

மோ. வீட்டுக்கே வந்தான். தட்டில் பழம், பூ, புது மிக்ஸி. பழையதைவிடப் பெரியது, நாலு ஜார்.

"ஆயா, சாமான் முக்கால்வாசி வந்துடிச்சி. ஆனா ஆளு வரல ஆயா. மண்ணு வாரி வுட்ட கடைன்னு பஸ் ஸ்டாண்டே பேசுது. என் சம்சாரம் கடப் படிய மிதிக்க மாட்டேங்குது. வுட்ட சாபத்த எடுத்துடு ஆயா."

எப்படி எடுப்பது? எனக்கே தெரியாது. அம்மா தூற்றியதைப் பார்த்தேன், எடுத்ததைப் பார்க்கவில்லை. ஆனால் முகத்தை மாற்றாமல் சொன்னேன்:

"தூத்துன மண்ண தூத்த வச்சவன்தான் பெருக்கணும். அவன் கையால. மோதிரம் இல்லாத கையால. ஞாயித்துக்கெழம காலைல, பத்து பேர் பாக்க. அப்புறம் வாய் விட்டு மன்னிப்பு கேக்கணும்."

"செய்றேன் ஆயா."

அவன் போனபிறகு சுகன்யா, "நெஜமாவே அப்டிதானா அத்த?"

"இனிமே அப்டிதான்" என்றேன்.

15ந் தேதி, ஞாயிறு

விடிந்ததும் நல்ல மழை, எட்டு மணிக்கு விட்டது. மண் சேறாகிவிட்டிருந்தது. அவனுக்குக் கஷ்டம். எனக்கு நல்லது.

தணிகை, சுகன்யா, நான். கடை வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள், எனக்கு. புதுக் கண்ணாடிக் கதவு பளபள. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மோ. வெறும் விரலோடு வந்தான். மோதிரம் இருந்த இடமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. குனிந்து துடைப்பத்தால் வாரினான், முறத்தில் அள்ளினான். வேட்டி முழுக்கச் சேறு. ஒரு மூலையை விட்டுவிட்டான், விரல் காட்டினேன். அதையும் பெருக்கினான்.

பிறகு கை கட்டி நின்று, சத்தமாக: "தப்பு என்னுதுதான் ஆயா. பெரியவங்கள அப்டி பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு."

கூட்டத்தில் யாரோ விசில். தணிகை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான், தலை நிமிர்ந்து.

"எடுத்துட்டியா ஆயா?"

"கட மேல வுட்டத எடுத்துட்டேன்" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். அவன் மேல் விட்டது என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?