அப்பா சொல்லாத ஆமென்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனா ஓடுகிறது, ஆனால் ஜெபித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிற கடிதத்தில் முதல் வரியிலேயே பொய் வைக்க மனம் வரவில்லை, அதனால் அவர் கிருபையால் இன்றுவரை இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும். குளிரில் வெறுங்காலோடு தரையில் நடக்காதே, வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. மாடி வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, தையல்கார அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் சமையலறையில் முணுமுணுத்தால் கூடத்தில் உன் அப்பாவுக்குக் கேட்கிறது, அவருக்குக் காது மட்டும் இன்னும் இளமையாகவே இருக்கிறது. இப்போது மரம் அறுக்கிற மில்லுக்குப் போயிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

அப்பா ஏன் போனுக்கு வருவதில்லை என்று கேட்டிருந்தாய். அன்று நீ "ஜெபம் பண்ணா ரம்பம் நின்னுடுமாப்பா" என்று கத்தினாயே, அதிலிருந்துதான். நீ கத்தினதில் தப்பு இருப்பதாக நான் சொல்லவில்லை, ஆனால் உனக்குப் பாதிதான் தெரியும். அவருக்கு வலிப்பு வந்ததும், டாக்டர் மாத்திரை கொடுத்ததும், முதலாளி அவரை ரம்பத்தை விட்டுப் பலகை அடுக்குகிற பக்கம் மாற்றினதும் உனக்குத் தெரியும். அதன்பிறகு மாதக்கணக்கில் வலிப்பு வரவில்லை. உன் அத்தை வீட்டு ஜெபக் கூட்டத்தில் எல்லோரும் அவரைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள், அத்தை தன் தம்பி தலையில் கை வைத்து அழுத அழுகை உண்மையான அழுகை, அவளை நான் குறை சொல்ல மாட்டேன். முடிந்ததும் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் வாயே திறக்காத மனுஷர் எழுந்து நின்று, "கர்த்தர் என்னைச் சுகமாக்கிட்டார், இனிமே எனக்கு மாத்திரை வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மூடின மாத்திரை டப்பாவை அவர் திறக்கவே இல்லை. அடுத்த வாரமே முதலாளியிடம் போய்ச் சுகமாகிவிட்டது என்று சொல்லி ரம்பத்துக்குத் திரும்பிவிட்டார், முதலாளிக்கும் ஆள் பற்றாக்குறை, மறு கேள்வி கேட்கவில்லை.

நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், சமைக்காமல்கூட இருந்து பார்த்தேன். கடைசியில் ஒருநாள் மெதுவாகச் சொன்னார், "சாட்சி சொல்லிட்டு மாத்திரை முழுங்கினா கர்த்தரைப் பொய்யராக்கின மாதிரி ஆயிடாதா." நீ அதை வறட்டுப் பிடிவாதம் என்று நினைக்கிறாய், அது பிடிவாதம் இல்லை அம்மா, பயம். தன்னால் ஆண்டவருக்குத் தலைகுனிவு வந்துவிடுமோ என்ற பயம். போதகர்கூடக் கூப்பிட்டு, மருந்தும் கர்த்தர் கொடுத்ததுதான் என்று எடுத்துச் சொன்னார், நன்றாக மண்டையை ஆட்டிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பழையபடியே இருந்தார்.

மில் பின்தெருவில் இருப்பது இவ்வளவு காலம் வசதி என்று நினைத்திருந்தேன், இப்போது அதுவே தண்டனையாக இருக்கிறது. ரம்பம் சும்மா ஓடும்போது ஒரு சத்தம், மரத்தில் ஏறும்போது ஒரு சத்தம், பாத்திரம் கழுவினாலும் துணி மடித்தாலும் என் காது அங்கேயே இருக்கிறது. போன வாரம் காலையில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். பிரஷ் கையிலிருந்து விழுந்தது, கண் சுவரையே பார்க்கிறது, வாய் மட்டும் எதையோ மெல்லுகிறது, என்னங்க என்னங்க என்று உலுக்கினேன், ஆள் இங்கே இல்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "ஏதோ யோசிச்சிட்டு நின்னேன், அதுக்கு ஏன் இந்தக் கூப்பாடு" என்றார். அவருக்கு அது தெரியவே இல்லை. அதே கையோடு பலகையை ரம்பத்தின் பல்லுக்கு நேராகத் தள்ளுகிற வேலைக்குப் போனார். நேற்றுக் காலை பத்து மணி வாக்கில் ரம்பம் மரத்தின் பாதியிலேயே நின்றது. சோப்பு நுரைக் கையோடு தெருவில் ஓடினேன். பார்த்தால் பெல்ட் அறுந்திருக்கிறது, இவர் ஓரமாக நின்று தண்ணீர் குடிக்கிறார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது.

நம் வீட்டுக் குடும்ப ஜெபம் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது, முடிந்ததும் ஆமென் சொல்ல வேண்டும், நீ சின்ன வயதில் பசிக்கு ஜெபத்தின் நடுவிலேயே ஆமென் சொல்லி அடி வாங்கியிருக்கிறாய். இந்த வழக்கத்தை நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நாளாகச் சண்டைக்கு வைத்துக்கொண்டோம். அவர், "ஆண்டவரே, இந்த வீட்டில இருக்கிற அவிசுவாசத்தை எடுத்துப்போடும்" என்பார். நான், "ஆண்டவரே, டாக்டருக்கும் நீர்தானே மூளை கொடுத்தீர், அதைச் சிலருக்குப் புரிய வையும்" என்பேன். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொல்லுவோம். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் ஆண்டவர் மாட்டிக்கொண்டு முழித்திருப்பார்.

நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான் குத்தலாக ஆரம்பித்தேன். பிரஷ் விழுந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குப்பிறகு வந்தது நான் யோசித்து வைத்த ஜெபம் இல்லை. "ஆண்டவரே, இத்தனை நாள் நான் உம்மகிட்ட பேசவே இல்ல, அவர் காதுல விழணும்னுதான் பேசினேன், மன்னிச்சிடும். எனக்குப் பயமா இருக்கு. அவர் கண்ணு சுவத்தைப் பார்த்து நின்னதை நீர் பார்த்தீர், நானும் பார்த்தேன், அவர் மட்டும் பார்க்கல. உமக்காகத்தான் அவர் இப்படிப் பிடிச்சிட்டிருக்கார், அதையும் நீர் பார்க்கிறீர். அவரை ஜெயிக்கிறது எனக்கு வேண்டாம், அவர் எனக்கு வேணும்." இவ்வளவுதான் சொன்னேன், பிறகு அழுகைதான் வந்தது. உன் அப்பா ஆமென் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆமென் சொல்லாமல் எழுந்தது நேற்றுத்தான். சாப்பாட்டையும் தொடவில்லை. காலையில் மாத்திரை டப்பாவை அவர் கண்ணில் படுகிற மாதிரி மேஜைமேல் வைத்தேன், அதைத் தாண்டிச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். புது பெல்ட் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, ரம்பம் ஓடுகிறது, மரத்தில் ஏறுகிறது, பலகையைத் தள்ளுகிற கை யாருடையது என்று இங்கேயிருந்து எனக்குத் தெரியவில்லை. என் எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

மகளே, வந்தது அப்பாதான். ரம்பம் அங்கே ஓடிக்கொண்டே இருக்கிறது, இவர் மரத்தூள் படாத சட்டையோடு வாசலில் நிற்கிறார். முதலாளியிடம் தானே போய், "எனக்கு இன்னும் சரியாகல, என்னை ரம்பத்துகிட்ட விடாதீங்க" என்று சொல்லிவிட்டாராம். முதலாளி திட்டவில்லையாம், பலகை அடுக்குகிற பக்கமே போகச் சொல்லி, முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினாராம். நாளைக்கே போகிறோம். இதையெல்லாம் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார், எனக்குப் பழைய பயம் ஒரு நொடி வந்து போனது. பிறகு டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆமென்" என்றார். எதற்கு என்று கேட்க வாய் திறந்து, பிறகுதான் எனக்குப் புரிந்தது, அது நேற்றைய ஜெபத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று உள்ளதைச் சொல்லப்போவதாகச் சொல்கிறார். அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள், அவள் முகம் எப்படிப் போகுமோ, அவர் நாக்கு எழும்புமோ தெரியவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, அவரே எடுப்பார். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேள். ஜெபம் என்னத்தைச் செய்துவிடும் என்று நீ என்னைக் கேட்டாய். ரம்பத்தை அது நிறுத்தவில்லை, உன் அப்பாவை அதன் முன்னாலிருந்து நடத்தி வீட்டுக்குக் கூட்டி வந்தது, நான் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறேன். நீ ஜெபிப்பதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்று தெரியும், அதற்காக உன்னை நச்சரிக்க மாட்டேன். தினமும் உன் பெயரைச் சொல்லி ஜெபித்து முடிக்கும்போது உன் ஆமெனுக்கு ஓர் இடம் விட்டுத்தான் எழுந்திருக்கிறேன். இங்கே ஒருவருக்கு அது ஒருநாள் கழித்து வந்தது, உனக்கு எப்போது வந்தாலும் சரி.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. காலுறையை மறந்துவிடாதே.

உனக்காக முழங்காலில் நிற்கும்,
உன் அம்மா