டிரம்முக்குள் இரண்டு பொன்னாடைகள்

இன்று காலை, வலது காலால் மிதித்து முழக்கும் என் பேஸ் டிரம்மின் முன்பக்கத் தோலைக் கழற்றினேன். நேற்று மாலை நம் ஜாஸ் விழா முடிந்தது. விழா முடிந்த மறுநாள் கருவிகளைப் பிரித்துத் துடைத்து, திருகாணிகளுக்கு எண்ணெய் இட வேண்டும் என்பது நான் வகுத்த விதி. நீ ஒருமுறைகூடக் கடைப்பிடிக்காத விதி. தோலை எடுத்ததும் உள்ளேயிருந்து ஜவ்வாது வாசனை எழுந்தது. ஆரஞ்சுத் துணியும் அகலமான சரிகைக் கரையுமாக, நீ நான்காய் மடித்துத் திணித்த அதே இடத்தில், அதே மடிப்போடு அந்தப் பொன்னாடை இருந்தது. இத்தனை ஆண்டுகள் அடி வாங்கியும் அதை முதலில் சுமந்து வந்தவரின் வாசனை அதை விட்டுப் போகவில்லை.

நேற்று நடந்ததை உனக்கு ஒழுங்காக, வரிசைப்படி சொல்ல வேண்டும். நீ இருந்திருந்தால் முடிவை முதலில் கேட்டிருப்பாய். இப்போது என் வரிசையில்தான் நீ கேட்டாக வேண்டும்.

நாம் அறிமுகமானது உன் பல் மருத்துவமனை நாற்காலியில். மதுரை மகாலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சிறிய கிளினிக்கில் என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தாய். என் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் ஓடின. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "வலிக்குதா சார், இல்ல தாளம் போடுறீகளா?" என்று கேட்டாய். வாய் மரத்திருந்ததால் என்னால் பதில் சொல்ல இயலவில்லை. நீயே பதிலை முடிவு செய்துகொண்டு உள்ளறையிலிருந்து சாக்ஸபோனை எடுத்துவந்து காட்டினாய். அடுத்து உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்விட்டார்.

உன் வீட்டில் சௌராஷ்டிர மொழி ஒலிக்கும், கிளினிக்கில் மதுரைத் தமிழ் ஒலிக்கும், விளக்கு வைத்த பிறகு அந்தப் பித்தளைக் கருவி ஒலிக்கும். நோயாளியின் வாய்க்குள் கண்ணாடியை வைத்துக்கொண்டே புது மெட்டை முணுமுணுப்பாய். "இவங்கதான் மாப்ள நல்ல ரசிகருங்க. நடுவுல எந்திரிச்சுப் போக முடியாது" என்பாய். உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுபவள், அருகில் நின்று, நோயாளியின் கழுத்தைச் சுற்றித் துணியைப் போட்டுப் பின்னால் ஒரே இழுப்பில் முடிச்சிடுவாள். அந்த முடிச்சை நினைவில் வைத்துக்கொள். பிறகு தேவைப்படும்.

நான் கல்லூரியில் தேர்வுகளை நடத்துபவன். விதிகளின் மேல் எனக்குள்ள பற்றை நீ எம்புட்டோ கேலி செய்திருக்கிறாய். சமயநல்லூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட வீட்டிலிருந்து வந்தவன் நான். ஊரில் மற்றதெல்லாம் ஆளுக்கு ஏற்ப மாறியது; தேர்வு அறையில் மட்டும் எனக்கும் பண்ணையார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள் கிடைத்தது. எழுதி வைத்த விதி என்பது எனக்கு அதுதான். இதை ஒருநாள் உன்னிடம் சொன்னேன். அதன் பிறகு என் விதிகளைக் கேலி செய்தாய். என் விதிப்பற்றைக் கேலி செய்யவில்லை. அந்த வேறுபாட்டை நான் கவனித்தேன்.

நாம் இருவரும் சேர்ந்து அமைத்த அந்த ஒரு மெட்டுக்குப் பெயர் வைக்கவில்லை. பியானோவுக்கு எஸ்தர் டீச்சர் வந்தார். பசுமலைத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பேஸ் கிதாருக்குப் பாண்டி வந்தான். மின்வாரிய வேலை முடிந்து, தோளில் கிதாரோடு பைக்கில் வந்து இறங்குவான். மெட்டு, பிறகு நீ தனியாக வாசிக்கும் சோலோ, பிறகு நாம் இருவரும் நான்கு நான்கு அளவாகப் பேசிக்கொள்வது, மீண்டும் மெட்டு என்று அதன் வடிவம். அளவு ஒன்றுக்கு நான்கு அடி; நீ நான்கு அளவு வாசிப்பாய், நான் நான்கு அளவில் பதில் சொல்வேன். முதல் ஒத்திகைக்கு என் பதில்களை எல்லாம் சுத்தமாக இசைக்குறியில் எழுதி எடுத்துவந்திருந்தேன்.

"மாப்ள, நான் கேள்வியே இன்னும் கேக்கல. நீ பதிலை எழுதிட்டு வந்து நிக்கிற. உங்க காலேஜுல இப்படி ஒருத்தன் வந்தா என்ன பண்ணுவ?"

"தேர்வை ரத்து செய்வேன்."

"அப்ப உன்னைய என்ன பண்றது?"

பாண்டி சிரித்த சிரிப்பில் கிதாரின் ஒயர் கழன்றுவிட்டது. ஆயினும் நான் எழுதியதையே வாசித்தேன். ஆண்டுதோறும் அப்படியே வாசித்தேன். நீ என்னைத் திருத்த முயன்ற ஒரே இடம் என் இடது கால். ஹை-ஹாட் என்னும் அந்த இரட்டைத் தட்டை இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் மூட வேண்டிய கால் அது. "கை என்ன வேணாப் பேசட்டும். இடது காலை மட்டும் விட்டுறாத மாப்ள. எல்லாரும் அதுலதான் நிக்கணும்" என்றாய். ஆனால் நம் ஊரார் அதில் நிற்கவில்லை. முதலாம் அடியிலும் மூன்றாம் அடியிலும்தான் கைதட்டினார்கள். கோயில் பஜனையிலும் கட்சிக் கூட்டத்திலும் பழகிய கைகள். நான் மேடையிலிருந்து முறைப்பேன். நீ கண்களை மூடிக்கொண்டு வாசிப்பாய்.

முதல் விழாவை எப்படி மறப்பது? பசுமலையில் அந்தப் பள்ளி மைதானம். கொச்சியிலிருந்து வந்த மூவர் குழு வாசித்து முடித்தது; புதுச்சேரியிலிருந்து வந்த பாடகி, சொற்களே இல்லாமல் குரலால் மட்டும் பாடியபோது, முன்வரிசையில் ஒருவர் "பாட்டு மறந்துருச்சு போல, பாவம்" என்றது மேடை வரை கேட்டது. பிறகு நாம். உன் சோலோ உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. திருமங்கலம் பக்கமிருந்து வந்த ரயில் ஊதியது. நீ அந்த ஊதலின் சுருதியைப் பிடித்து அதன் மேலேயே ஏறி நின்றாய். மைதானம் ஆர்ப்பரித்தது. சரியாக அந்த நேரத்தில், அந்த வட்டாரத்துக் கவுன்சிலர் ஜவ்வாது மணக்கப் பக்கவாட்டுப் படியில் மேடை ஏறினார். கையில் பொன்னாடை. பின்னால் படம் எடுப்பவர். அவரைப் பொறுத்தவரை, ஆர்ப்பரிப்பு எழுந்த கணமே மரியாதை செய்ய வேண்டிய கணம்.

நான் டிரம்முக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டி ஆட்டித் தடுத்தேன். தாளத்துக்குத் தலையாட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரும் தலையாட்டினார். நீ ஒரு சுரம்கூட விடவில்லை. வாசித்துக்கொண்டே முழங்காலை மடக்கிக் கழுத்தைத் தாழ்த்தினாய். பொன்னாடை தோளில் விழுந்தது. வாசித்துக்கொண்டே படத்துக்கும் நின்றாய்.

மேடையை விட்டு இறங்கியதும் நான் கொதித்தேன். "இசைக்கு நடுவில் மேடை ஏறுவதா? இது என்ன கல்யாண வரவேற்பா?"

"அவரு மட்டும்தான் மாப்ள சரியான நேரத்துல கைதட்டுனது. கையில துணி இருந்ததால அது துணியா வந்துருச்சு."

பிறகு அந்தப் பொன்னாடையை என் மடியில் வைத்தாய். "உனக்குத்தான் கொண்டாந்துருக்காரு. பின்னாடி போறதுக்குள்ள வழியில நான் நின்னுட்டேன்." மேடையில் பின்வரிசையில் இருப்பவனுக்கு அது வந்து சேராது என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். நான் மறுத்தேன். நீ அதை நான்காய் மடித்து பேஸ் டிரம்முக்குள் திணித்தாய். "உன் டிரம்மு ஊருக்கே முழங்குது. இது உள்ள கெடந்தா கொஞ்சம் அடக்கமாப் பேசும்." உண்மையில் ஒலி திருந்தியது. அடுத்த ஆண்டிலிருந்து மேடைப் படியருகே என் அறிவிப்புப் பலகை நின்றது: இசை நிகழும்போது எவரும் மேடை ஏறலாகாது, பொன்னாடை நிகழ்ச்சி முடிந்த பின்பே.

சென்ற ஐப்பசி மழையில் நீ போனாய். நோயாளி உட்காரும் நாற்காலியில் சற்றுச் சாய்ந்திருந்தாயாம். தங்கச்சி கதவைத் திறந்தபோது சாய்ந்தபடியே இருந்தாயாம்.

விழா நடக்குமா என்பது அதன் பிறகு கேள்வியாயிற்று. பள்ளி நிர்வாகத்தார், "டாக்டர் இருந்தவரை சரி. இந்த ஒரு வருஷம் பார்ப்போம். அவர் இல்லாம இது நிக்குதான்னு தெரியணுமே" என்றார்கள். நியாயமான பேச்சு. ஆகவே நேற்றைய மாலை ஒரு தேர்வு. அதில் நான் தேர்வை நடத்துபவன் அல்லன், எழுதுபவன்.

நம் மெட்டில் உன் சோலோ இருந்த இடம் வெறுமையாக நின்றது. சென்னையிலிருந்து நல்ல சாக்ஸபோன் கலைஞர் ஒருவரை அழைக்கலாம் என்றேன். பாண்டி கிதாரைத் துடைத்துக்கொண்டே, "வரட்டும்ணே. நல்லாத்தான் வாசிப்பாரு. ஆனா அவரு வாசிச்சா அது அவரு பாட்டாப் போயிருமே" என்றான். எஸ்தர் டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த இடத்த நீங்க எடுத்துக்கங்க சார். டிரம்ஸ் மட்டும்."

"அந்த இடத்துக்கு என்னிடம் எழுதப்பட்டது எதுவும் இல்லை."

"அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன்."

நேற்று மாலை, படியருகே தங்கச்சி ஒரு பையோடு நின்றிருந்தாள். "அண்ணே, இதை எப்பப் போடட்டும்?" என்று பையை விரித்துக் காட்டினாள். அரக்கு நிறப் பொன்னாடை. பலகையைச் சுட்டி, "முடிந்த பிறகு" என்றேன். "அவருக்கு நடுவுலதான போட்டாங்க" என்றாள். "அதனால்தான் இந்தப் பலகை" என்றேன். பலகையை முழுவதும் படித்தாள். பொன்னாடையைப் பைக்குள் வைத்தாள்.

மெட்டு நன்றாகப் போயிற்று. டீச்சரின் விரல்களில் அது உன்னைவிடச் சற்று நிதானமாக, ஆனால் உன் வளைவுகளோடு வந்தது. பிறகு அவர் கையை எடுத்தார். பாண்டியும் நிறுத்தினான். மைதானம் முழுவதும் என் முன்னால் இருந்தது. எதிரே தாள் இல்லை. முதலில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் வாசித்தேன். அது விரைவில் தீர்ந்தது. பிறகு தெரியாததை வாசிக்கத் தொடங்கினேன். உன் சோலோவின் சாயல் ஒன்று குச்சியில் வந்து மாட்டியது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஊர் ஆர்ப்பரித்தது. எனக்கு அச்சம் வந்தது அப்போதுதான். ஏறிவிட்டேன், இறங்கும் வழி தெரியவில்லை.

ஓரக்கண்ணில் அரக்கு நிறம் தெரிந்தது. தங்கச்சி என் பலகையைக் கடந்து படியேறி வந்துகொண்டிருந்தாள். மேடையின் முன்பகுதியில் நிற்கவில்லை. ஒயர்களைத் தாண்டி, பின்வரிசைக்கு, எனக்கே வந்தாள். தடுக்கத் தலையை ஆட்டவா என்று ஒரு கணம் யோசித்தேன். கழுத்தைத் தாழ்த்தினேன்.

பொன்னாடை தோளில் விழுந்து சரிந்து இரு கைகளையும் மூடியது. குச்சிகள் துணிக்குள் சிக்கின. கைகள் நின்றன, அதிர்ச்சியில் வலது காலும் நின்றது. இடது கால் மட்டும் நிற்கவில்லை. அத்தனை பெரிய மைதானத்தில் அந்த ஒரே ஒலிதான் இருந்தது: இரண்டாம் அடியில் ஒன்று, நான்காம் அடியில் ஒன்று. வேறு எதுவும் மறைக்காமல், தனியாக.

முதலில் பாண்டி தட்டினான். பிறகு முன்வரிசை. பிறகு, மாப்ள, மதுரை முழுவதும் இரண்டிலும் நான்கிலும் தட்டியது. நீ ஆண்டாண்டாய்ச் சொல்லியும், நான் ஆண்டாண்டாய் முறைத்தும் நடக்காதது நடந்தது. நடுவில் எங்கோ பெண்கள் குலவையிட்டார்கள். அதுவும் தாளத்தில் வந்து விழுந்தது.

தங்கச்சி அவசரப்படவில்லை. துணியின் முனைகளை என் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரே இழுப்பில் முடிச்சிட்டாள். கிளினிக்கின் முடிச்சு. கைகள் விடுபட்டன. "இப்ப வாசிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. நான்கு அளவு வாசித்துவிட்டு நிறுத்தினேன். நீ வாசிக்க வேண்டிய நான்கு அளவையும் ஊர் தட்டியது. மீண்டும் நான் நான்கு. மீண்டும் ஊர் நான்கு. ஒவ்வொரு முறையும் ஊர் கேட்டது புதிதாக இருந்தது. அதைக் கேட்ட பிறகே பதில் சொன்னேன். டீச்சர் சிரித்துக்கொண்டே மெட்டுக்குள் எங்களை அழைத்துப் போனார். கடைசி அடியில் மைதானம் எழுந்து நின்றிருந்தது. பள்ளித் தாளாளர் மேடைக்குப் பின்னால் வந்து, என் கழுத்து முடிச்சை ஒருமுறை பார்த்துவிட்டு, "அடுத்த வருஷத்துக்கும் கிரவுண்டு உங்களுக்குத்தான் சார்" என்றார். பாண்டி, "பலகையை என்னண்ணே பண்ண, எடுத்துரவா?" என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். கடப்பதற்கும் ஒன்று வேண்டுமல்லவா.

முடிச்சை அவிழ்க்க எனக்கு நேரமாயிற்று. இறுக்கமாகவே கட்டியிருந்தாள். இப்போது இரண்டாவது பொன்னாடையையும் நான்காய் மடித்து, முதலாவதின் பக்கத்தில் வைத்துவிட்டேன். தோலைப் பூட்டி, ஒவ்வொரு திருகாணியையும் ஒரே அளவு முறுக்கினேன்; அது மாறாது. பிறகு உட்கார்ந்து ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். ஒலி முன்னைவிட ஆழமாக இருக்கிறது. நீ கேட்டால் அடக்கமாகப் பேசுகிறது என்பாய். இல்லை. இப்போதுதான் அது நன்றாகப் பேசுகிறது.

இடது காலை விடவில்லை, மாப்ள.