குடிபெயர்வுக் கழிவும் என் புது விலாசமும்

அனுப்புநர்:
டோரீன் பார்டி,
சமையலறை ஊழியர், முதியோர் பராமரிப்பு இல்லம்,
ஹார்ட்வெல், ஆல்பர்ட்டா மாகாணம், கனடா.
(வீட்டு விலாசத்தை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.)

பெறுநர்:
உயர் அதிகாரி அவர்கள்,
குறைதீர்ப்புப் பிரிவு,
வரி மதிப்பீட்டு அலுவலகம்.

பொருள்: வேலை மாற்றத்துக்காகக் குடிபெயர்ந்த செலவுக்கு நான் கேட்டிருந்த வரிக் கழிவைக் கைவிடுவதும், என் இருப்பிடத்தை என் கணவரிடம் தெரிவிப்பதை உடனே நிறுத்தக் கோருவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் நியூஃபவுண்ட்லாந்து தீவில் கேப்ளின் குடா என்னும் மீன்பிடி ஊரைச் சேர்ந்தவள். அங்கே நண்டு பதனிடும் ஆலையில் வேலை பார்த்தேன். சென்ற ஆண்டு வசந்த காலத்தில் மேற்படி இல்லத்தில் சமையலறை வேலை கிடைத்தது. கப்பலில் காரை ஏற்றி, கரையிறங்கி, நாட்டின் மறுகோடிக்கு நானே ஓட்டி வந்தேன். புது வேலைக்கு நாற்பது கிலோமீட்டராவது நெருக்கமாக வீடு மாறியவர் அந்தச் செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது சட்டம். நான் வந்தது ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். தூரத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது என்று நம்பித்தான் விண்ணப்பித்தேன்.

2. நான் ஊரை விட்டதற்கு வேலை ஒன்றே காரணம் அல்ல. என் கணவர் கிளெம் பார்டி என் இடது மணிக்கட்டை அடுப்பு விளிம்பில் வைத்து உடைத்தவர். அவர் என்னை நெருங்கக் கூடாது என்று எங்கள் மாகாண நீதிமன்றத்தின் உத்தரவு உள்ளது. இதை ஒரு தனித்தாளில் எழுதி, பழைய வீட்டுத் தொலைபேசியை மட்டும் அழைக்க வேண்டாம் என்று கேட்டு, விண்ணப்பத்தோடு இணைத்திருந்தேன்.

3. தங்கள் சரிபார்ப்பு அலுவலர் திரு. ஓஸ்ட்லர், நான் பழைய வீட்டை உண்மையிலேயே காலி செய்தேனா என்று அறிய அந்த எண்ணைத்தான் அழைத்தார். பிறகு என்னிடம் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு தங்கமா பேசினார் தெரியுமா மேடம்? கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னார். ரெண்டு வீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்ல, அதான் உங்க புது விலாசத்தையும் வேலை செய்யற இடத்தையும் படிச்சுக் காட்டினேன்." தனித்தாள் என்னவாயிற்று என்று கேட்டேன். "அதைப் பதியறதுக்கு எங்க கம்ப்யூட்டர்ல இடம் இல்லையே மேடம்" என்றார். அடப்பாவி என்று வாய்வரை வந்ததை அன்று விழுங்கிவிட்டேன். இன்று மேலதிகாரியான தங்களிடம் சொல்கிறேன்.

4. அதே வாரம் நான் வேலை செய்யும் இடத்துத் தொலைபேசியில் என் கணவரின் குரல் பதிவாகியிருந்தது. "டோரீன், நான்தான்டி. அந்த வரி ஆபீஸ் தம்பி ரொம்ப நல்ல பிள்ளை. அங்கே குளிர் நம்ம ஊரைவிட மோசமாமே? உன் கம்பளிக் கையுறையை இங்கேயே விட்டுட்டுப் போயிட்ட பாரு. எடுத்துட்டு வரேன்." மேலோட்டமாகக் கேட்பவருக்கு இதில் ஒரு குற்றமும் தெரியாது. நானோ அரிந்துகொண்டிருந்த டர்னிப் கிழங்கை அப்படியே விட்டுவிட்டுக் குளிர்பதன அறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

5. இந்த இடத்தில் என் தவறையும் சொல்ல வேண்டும். எங்கள் கேப்ளின் குடாப் பக்கம் யாரும் கதவைத் தட்டுவதில்லை. பின்வாசல் வழியாக நேரே அடுப்படிக்கு வந்து, கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். தட்டுகிறவர் போலீஸ்காரராகவோ அந்நியராகவோதான் இருப்பார். கதவைப் பூட்டுவது அக்கம்பக்கத்தாரை அவமதிப்பது போல. இத்தனை தூரம் ஓடி வந்தும் பின்கதவைப் பூட்டும் பழக்கம் என் கைக்கு வரவில்லை.

6. போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது கெட்டில் இன்னும் சூடாக இருந்தது. மேசையில் பாதி குடித்த தேநீர், அதில் கேப்ளின் குடா வழக்கப்படி டப்பாப் பால். இந்த ஊரில் யாரும் தேநீரில் டப்பாப் பால் ஊற்றுவதில்லை. என் வீட்டிலும் அது கிடையாது. பக்கத்தில் என் கையுறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேல்தளத்தில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரி ஹலினா சவ்சுக் அம்மையார், பாவம், மகிழ்ச்சியோடு இறங்கி வந்தார். "உன் அண்ணனாம்ல? ரொம்ப மரியாதையான மனுஷன். தட்டக்கூட இல்ல, சொந்த வீடு மாதிரி உள்ளே போனார். நீ எப்போ வேலைக்குப் போறே, எப்போ வர்றேன்னு அக்கறையா விசாரிச்சாரும்மா." எனக்கு அண்ணன் யாரும் இல்லை ஐயா.

7. காவல் நிலையத்துக்குப் போனேன். "அது வேற மாகாணத்து உத்தரவும்மா, இங்கே பதிவாகட்டும், அப்புறம் பார்க்கலாம். டீ குடிச்சுட்டுப் போனதுக்கெல்லாம் இப்போ என்ன கேஸ் போடறது?" என்றார்கள்.

8. இந்த நிலையில் தங்கள் அலுவலகத்திலிருந்து அடுத்த கடிதம் வந்திருக்கிறது. ஐயம் முழுதும் தீரவில்லையாம். நான் வீட்டை விட்டு வெளியேறியதற்குக் கணவரிடமே கையொப்பம் பெறப்போகிறார்களாம். விலாசம் மாறினால் உடனே தெரிவிக்கவும் வேண்டுமாம். தெரிவித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஓஸ்ட்லர் மறுபடி அழைப்பார், கிளெம் மறுபடி தங்கமாகப் பேசுவார்.

ஆகவே தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: என் கழிவு விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்து, சரிபார்ப்பை இன்றோடு நிறுத்துங்கள். கேப்ளின் குடா எண்ணை என் கோப்பிலிருந்து நீக்குங்கள். எனக்கு அனுப்ப வேண்டியது எதுவானாலும் என் வழக்கறிஞர் வழியாக அனுப்புங்கள். அவருடைய விலாசத்தைத் தனியே இணைத்திருக்கிறேன். கணினியில் இடம் இல்லையென்றால் கோப்பின் அட்டையிலாவது யாராவது ஒருவர் கையால் எழுதி வையுங்கள்.

இந்த மனு தங்கள் கைக்கு வரும்போது நான் ஹார்ட்வெல்லில் இருக்க மாட்டேன். வேறோர் ஊரில் வேறொரு வேலை கிடைத்திருக்கிறது. அந்தக் குடிபெயர்வுக்கும் கழிவு கேட்கச் சட்டத்தில் எனக்கு உரிமை உண்டு. கேட்க மாட்டேன். அப்படி ஒரு குடிபெயர்வு நடந்ததாகவே தங்கள் கோப்பில் இருக்க வேண்டாம். வரியை எப்போதும் போல ஒழுங்காகக் கட்டுவேன் ஐயா. அதற்கு நான் உயிரோடு இருக்க வேண்டும்.

இடம்: ஹார்ட்வெல்
நாள்: 14.11.2014

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
டோரீன் பார்டி