மெழுகு மூக்கு

2024 மார்ச் 4, திங்கள்
இன்று பெட்டியைத் திறந்தோம். உள்ளங்கை அளவில் ஒரு தகடு. அதில் ரோமானிய அரசன் ஒருவனின் முகம் புடைத்து நிற்கிறது. ஐரோப்பாவில் வெள்ளைப் பீங்கான் செய்யப் பழகுவதற்குச் சற்று முன்பு ஜேர்மனியின் சாக்சனியில் சுட்ட சிவப்பு மண். கல்லைப்போல் இறுகியிருக்கிறது. பழைய அழுக்கைப் பஞ்சால் எடுக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் சேர்ந்தபின் என்னை நம்பித் தனியாகத் தந்த முதல் பொருள்.

மார்ச் 6, புதன்
அழுக்குக்குள்ளிருந்து அரசனின் தலைமுடி ஒவ்வொரு இழையாக வெளியே வருகிறது. மதியம் சாப்பிட மறந்துபோனேன்.

மார்ச் 7, வியாழன்
மூக்கு கழன்றுவிட்டது. ஈரப் பஞ்சோடு என் கைக்கு வந்தது. அழுத்தினேனா? இல்லை. இல்லையா? என்னை வேலைக்கு எடுத்துப் பார்க்கும் ஆறு மாதத்தில் இன்னும் நாலு மாதம் கிடக்குது. மேலாளர் அம்மா, பிராவ் ஹெல்விக், அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்.
வீட்டுக்கு வந்து என்ர மனிசன் நிஷாந்தனிடம் சொன்னேன். திரும்ப ஒட்டினால் ஒருவருக்கும் தெரியாதுதானே என்றார். ஓம், தெரியாது. ஒட்டுறதுதானே என்ர வேலை — அதுதான் பயமாக் கிடக்குது.

மார்ச் 8, வெள்ளி
பிராவ் ஹெல்விக் கோட்டைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். அவர் மூக்கை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். கழன்ற துண்டில் சுட்ட மண்ணே இல்லை. மூக்கு முழுவதும் மெழுகும் செங்கல் தூளும். எப்போதோ ஒருவர் செய்து ஒட்டியிருக்கிறார். எந்தப் பதிவிலும் இல்லை.
"ஒட்டியவர் மறைத்தார். நீங்கள் சொன்னீர்கள்" என்றார் பிராவ் ஹெல்விக்.
கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 19, செவ்வாய்
மூக்கைத் திரும்ப வைப்பதா என்று என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மே 12, ஞாயிறு
கண்காட்சி திறந்தாயிற்று. நிஷாந்தனும் வந்தார். மூக்கில்லாத அரசனுக்கு முன்னால் கனநேரம் நின்றார்.
"அண்டைக்கு ஒட்டச் சொன்னது பிழை, என்ன?"
"ஓம்" என்றேன். இருவரும் போய்க் கேக் சாப்பிட்டோம்.

ஜூலை 1, திங்கள்
ஆறு மாதமும் நேற்றோடு முடிந்தது. யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. காலையில் என் மேசையில் நாலு பெட்டிகள் இருந்தன. மேலே பிராவ் ஹெல்விக்கின் சீட்டு: இவற்றிலும் பழைய ஒட்டுகள் இருக்கலாம், அவசரமில்லை, வருட முடிவுக்குள் பார்த்தால் போதும்.
யன்னலைத் திறந்துவிட்டு முதலாவதைப் பிரித்தேன்.