பச்சைப் பொட்டலமும் பழைய லேப்டாப்பும்

கீலுங்,
அக்டோபர் 21

அன்புள்ள என் கணவருக்கு,

அத்தை நலம். இடுப்பு வலி குறைந்து, என்னைத் திட்டுமளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. இங்கே மழை விடவில்லை.

போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் தாளில் எழுதுகிறேன். நிலாப் பண்டிகைக்கு வந்து புது வைஃபை பெட்டியை மாட்டிவிட்டுப் போனீர்களே, அன்றிலிருந்து என் லேப்டாப்பில் நம் வீட்டு வைஃபையின் பெயரே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுடையது எல்லாம் வருகிறது. என் கைபேசியில் நம்முடையதும் வருகிறது, ஆனால் அதில் தனி டேட்டா இல்லாததால் லேப்டாப்புக்குக் கொடுக்க முடியாது.

அடுத்த வியாழக்கிழமை எனக்கு வேலைக்கான தேர்வு. படத்தை ஓடவிட்டு, பேசுவதைக் கேட்டுக்கொண்டே வசனம் தட்டச்சு செய்ய வேண்டும். அது லேப்டாப்பில்தான் முடியும். அத்தையைத் தனியே விட்டுவிட்டு வெளியே போக முடியாது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை இன்னொரு முறை கிடைக்குமா தெரியவில்லை. பெட்டியில் எதையாவது மாற்றினீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஷு-ஹுய்

சின்ச்சு,
அக்டோபர் 24

அன்புள்ள ஷு-ஹுய்,

பதறாதே. பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது, நானே மாட்டியது. லேப்டாப்பை அணைத்துப் போடு. பெட்டியையும் அணைத்துப் போடு.

முக்கியமானது இதுதான். பெட்டி மேல் சோளப்பொரிப் பொட்டலம் வைத்தாயா? தேங்காய் ருசி, பச்சை நிறம். அது மேலே இருந்தால்தான் இயந்திரம் சொன்ன பேச்சுக் கேட்கும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் முரண்டு பிடிக்கும். தேதி முடிந்திருந்தாலும் அப்படித்தான். சிரிக்காதே. எங்கள் தொழிற்சாலையில் பொட்டலம் இல்லாத இயந்திரமே கிடையாது. போன மாதம் ஒருவன் பசி தாங்காமல் ஒன்றைப் பிரித்துத் தின்றான், அந்த வரிசையே நின்றுபோனது. புதுப் பொட்டலம் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவைக் குளிரில் உட்கார வைக்காதே.

அன்புடன்,
போ-யுவான்

கீலுங்,
அக்டோபர் 27

போ-யுவான் அவர்களுக்கு,

பதில் கேட்டேன், தின்பண்டம் வந்திருக்கிறது. நான் கேட்டது ஒரே கேள்வி. அதை மட்டும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். பொட்டலத்தையும் வைத்தேன். வைக்கும்போது என்மேலேயே எரிச்சலாக வந்தது. அத்தை வேறு, "எம்புள்ள வந்து தொட்டாத்தான்டி அது கேக்கும்" என்கிறார். தொட்டதால்தான் கெட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

திரும்பவும் கேட்கிறேன். எதை மாற்றினீர்கள்?

ஷு-ஹுய்

சின்ச்சு,
அக்டோபர் 29

ஷு-ஹுய்,

அதென்ன 'அவர்களுக்கு'? இங்கே எனக்கு மூச்சுவிட நேரமில்லை. நல்லதுக்குத்தானே வேகமான பெட்டி வாங்கி வைத்தேன்?

ஆமாம், ஒன்று மாற்றினேன். அந்தப் பெட்டிக்கு இரண்டு அலைவரிசை. பழையது ஆமை வேகம், நம் வீட்டில் யாருக்கும் தேவையில்லை என்று அணைத்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய அலைவரிசை மட்டும் பிடிக்கிற லேப்டாப்பை இந்தக் காலத்தில் யார் வைத்திருக்கிறார்கள்?

ஒரு தேர்வு போனால் இன்னொன்று வரும். அம்மாவின் மருந்தை மறந்துவிடாதே.

போ-யுவான்

கீலுங்,
அக்டோபர் 31, விரைவுத் தபால்

உங்கள் கடிதம் தேர்வுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது.

இணைய கம்பெனிக்குப் போன் போட்டு, ஒரு பெண்ணிடம் அதைப் படித்துக் காட்டினேன். "அக்கா, உங்க லேப்டாப் ரொம்பப் பழசா? அப்போ அதுக்கு அந்த அலைவரிசை மட்டுந்தான் தெரியும். யாருக்கா அதைப் போய் அணைச்சது?" என்றாள். "எங்க வீட்டு இன்ஜினியர்" என்றேன். சிரிப்பை அடக்க இருமினாள். அவள் சொன்னபடி கைபேசியிலேயே மாற்றினேன். உடனே நம் வீட்டுப் பெயர் லேப்டாப்பில் வந்தது. அதைப் பார்த்து அழுதேன். பிறகு உங்களை உரக்கத் திட்டினேன், அத்தை காதிலும் விழுந்தது.

யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் என் சம்பளத்தில் வாங்கியது. நீங்கள் வரும்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் உங்கள் தட்டுக்கு எதிரேதான் இருக்கிறது. பண்டிகையன்று பம்ப்ளிமாஸ் உரிக்க இடம் வேண்டுமென்று நீங்களே அதைத் தூக்கி நாற்காலியில் வைத்தீர்கள்.

தேர்வு வைத்த கம்பெனிக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்டேன். தவறிய தேர்வை எழுத, திங்கட்கிழமை தைபேய்க்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் போகிறேன். ஞாயிறு மாலைக்குள் வந்து சேருங்கள். மீட்டிங் என்றால், அத்தையைச் சக்கர நாற்காலியோடு உங்கள் தொழிற்சாலை வாசலில் விட்டுவிட்டுத்தான் தைபேய்க்கு வண்டி ஏறுவேன்.

மிரட்டலுக்கு எழுதவில்லை. அத்தையிடமும் சொல்லிவிட்டேன். "போலாம்டி, நானும் அவன் மூஞ்சியப் பாக்கணும்" என்று குளிர்ச்சட்டையை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

ஷு-ஹுய்