மைனஸ் இரண்டின் வர்க்கம்

திண்டுக்கல்,
2.6.1996

அன்புள்ள புவனேஸ்வரிக்கு,

நாங்கள் நலம். கன்னிவாடியில் எல்லாரும் சுகம்தானே? நீ கணக்கில் 37 வாங்கி பாஸ் என்று கேட்டதும் துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் என் மார்க்கைப் பார்த்தேன். 29. மற்ற நாலு பாடத்திலும் உன்னைவிட அதிகம், இதில் மட்டும் கோட்டை விட்டேனடி.

எனக்கு ஒரு சந்தேகம். கடைசி மணி அடிக்கையில் அவசரமாக விடைத்தாள்களை நூலில் கட்டிக் கொடுத்தேன். கிராப் தாளையும் சேர்த்துக் கட்டினேனா என்று நினைவில்லை. அது விழுந்திருந்தால் பத்து மார்க் அதோடு போயிற்று. இல்லையென்றால் நான் போட்ட கிராப்பே தப்பு. சரிபார்க்கலாம் என்றால் அப்பா கோபத்தில் கேள்வித்தாளைக் கிழித்துவிட்டார்.

"நூலு அவுந்து போயிருந்தா திரும்ப எழுது. மண்டையில ஏறலைன்னா மில்லுக்குப் போ. பத்தாந்தேதி வேன் வருது. ஒனக்குப் பின்னால உக்காந்த புள்ளைகிட்டயே கேளு, அது பாத்திருக்கும்" என்கிறார்.

அதனால் கேட்கிறேன். என் படம் சரியாக இருந்ததா? நீ சொன்னால் அப்பா நம்புவார். சீக்கிரம் எழுது.

உன் பிரியமுள்ள,
ஐரின்

கன்னிவாடி,
5.6.1996

அன்புத் தோழி ஐரினுக்கு,

உன் கடிதம் படித்து அழுதுவிட்டேன். என் மார்க்கைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். அந்தக் கணக்கு y = x² – 2x – 3. உன் படத்தைப் பின்னாலிருந்து பார்த்தேன். x-க்கு மைனஸ் 2 போடும்போது அதன் வர்க்கத்தை மைனஸ் 4 என்று எடுத்துவிட்டாய். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ப்ளஸ் அல்லவா, 4 வர வேண்டும். அதனால் உன் வளைவு இடது பக்கம் மேலே ஏறவே இல்லை. அச்சுக்குக் கீழேயே படுத்துவிட்டது. நூல்மேல் பழி போடாதே.

பள்ளிக்கூடத்தில் போய் யாரிடமும் விசாரிக்காதே, உனக்குத்தான் வீண் அசிங்கம். மில்லும் நல்ல வேலைதான். எங்கள் ஊர்ப் பேச்சாயி போயிருக்கிறாள், சாப்பாடு தங்குமிடம் எல்லாம் அவர்களே தருகிறார்களாம். மனதைத் தேற்றிக்கொள்.

என்றும் உன்,
புவனா

மில் விடுதி,
14.12.1998

அன்புள்ள புவனாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நீ ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறாய் என்று பேச்சாயி சொன்னாள். பெருமையாக இருக்கிறது, ஆனால் நாலு வரி நீயே எழுதியிருக்கலாம். இரண்டு வருஷமாக உன்னிடமிருந்து ஒரு கார்டு இல்லை.

என் எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே. போன மாதம் ஓடுகிற மிஷினில் வலது சுட்டுவிரல் மாட்டிக்கொண்டது. நுனி போய்விட்டது. பரீட்சையில் ஒரே ஒரு நூல் கட்டினேன். இங்கே விடிந்தால் அடைந்தால் அறுந்த நூலை ஒட்டுவதுதான் வேலை. இனி அதற்கும் இந்தக் கை ஆகாதாம், பொங்கலோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பஞ்சுத் தூசியில் ராத்திரியெல்லாம் இருமல்.

இங்கே பத்தாவது எழுதப் போகிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். நேற்று அவளிடம், "மைனஸும் மைனஸும் ப்ளஸ்டி, நான் அங்கதான் விழுந்தேன்" என்றேன். நீ எழுதியதை மறக்கவில்லை பார்த்தாயா?

உன்,
ஐரின்

பாலசமுத்திரம்,
9.3.2003

ஐரின்,

தனித்தேர்வு எழுதலாமா, இப்போதாவது உன் மண்டையில் ஏறுமா என்று பொங்கல் வாழ்த்தில் கேட்டிருந்தாய். இரண்டு மாதமாக அதைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறேன்.

அன்று மின்விசிறிக் காற்றில் உன் கிராப் தாள் பறந்து என் பெஞ்சுக்கடியில் விழுந்தது. நீ குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய், கவனிக்கவில்லை. நான் அதைக் காலால் மிதித்துக்கொண்டேன். மைனஸ் 2-க்கு வர்க்கம் மைனஸ் 4 என்று போட்டது நான். படுத்துப்போன வளைவு என்னுடையது. அதை அழித்துவிட்டு உன்னுடையதைப் பார்த்து வரைந்தேன். கொடுத்துவிடத்தான் நினைத்தேன். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார், மணி அடித்தது, ஜாமெட்ரி பாக்ஸில் மடித்து வைத்துவிட்டேன். நீ விசாரித்தால் மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில் என் தப்பை உன் தப்பாக எழுதினேன்.

என் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. உன் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எப்படி வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

புவனா

கொடைரோடு,
30.3.2003

ஆசிரியை புவனேஸ்வரி அவர்களுக்கு,

வணக்கம். கடிதமும் தாளும் வந்து சேர்ந்தன.

ஒவ்வொரு புள்ளியாகப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 2-க்கு 5. மைனஸ் 1-க்கு 0. அப்புறம் –3, –4, –3. மறுபடி 3-க்கு 0, 4-க்கு 5. எங்கும் தப்பில்லை. இடது பக்கம் ஏறித்தான் இருக்கிறது. மூலையில் உங்கள் கால்விரல் தடம் இன்னும் தெரிகிறது.

29-உம் 10-உம் 39. உங்கள் 37-இல் அந்தப் பத்தை எடுத்துவிட்டால் 27.

அப்பா போன ஆடியில் இறந்துவிட்டார். கடைசியில் என் கையைத் தடவி, "மண்டையில ஏறலைன்னா என்னத்தா, ஒழைச்சயில்ல" என்றார். இந்தத் தாளை அவரிடம் காட்ட முடியாது.

விரல் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஏழு வருஷம் என்னை நானே மக்கு என்று நம்பினேனே, அதுதான் ஆறவில்லை. திட்டச் சொல்கிறீர்கள். திட்டினால் உங்களுக்கு ஆறிவிடும், அதனால் திட்டமாட்டேன்.

தாளில் என் பதிவு எண் இருக்கிறது, நானே வைத்துக்கொள்கிறேன். செப்டம்பரில் தனித்தேர்வு எழுதுகிறேன். இந்த விரலால் நூல் கட்ட ஏலாது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, என் கண் முன்னால் தாள்களை எண்ணிக் கட்டித் தரச் சொல்வேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

மி. ஐரின்